தரங்கம்பாடி: கோட்டையைத் தாண்டி இந்த ஊரில் என்ன இருக்கிறது?

#1 மணல்மேட்டு ஆசிரியர்

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் பள்ளியின் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை வருடா வருடம் தரங்கம்பாடிக்கு அழைத்துப் போகிறோம். கோட்டை, அதற்குள் இருக்கும் அருங்காட்சியகம், கடற்கரையில் ஒரு குரூப் போட்டோ, ஆளுக்கொரு ஐஸ். பயணம் அவ்வளவுதான். திரும்பி வந்து அவர்கள் எழுதும் கட்டுரையில் முதல் வரி எல்லாருக்கும் ஒன்றாகவே இருக்கும்: "தரங்கம்பாடி டென்மார்க் நாட்டவர் உருவாக்கிய ஊர்."

அந்த வரி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. டேனிஷ்காரர்கள் 1620இல் வந்தார்கள். 1845இல் விற்றுவிட்டுப் போனார்கள். இடைப்பட்ட 225 வருடத்தில் இங்கே குடியிருந்த ஐரோப்பியர் எந்தக் காலத்திலும் சில நூறு பேரைத் தாண்டவில்லை. மீன் பிடித்தவர்கள், தறி போட்டவர்கள், கடலில் சரக்கு அனுப்பிய மரக்காயர்கள், செட்டிகள், கோட்டைக்குச் செங்கல் சுமந்தவர்கள் எல்லாரும் இந்தப் பக்கத்து மனிதர்கள்.

இன்னொன்றும் மனதில் இருக்கிறது. "டேனிஷ்காரன் கட்டினது, அதான் இன்னும் நிற்கிறது" என்று அங்கே பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1860க்கு அப்புறம் இந்த ஊரை ஒவ்வொருவராகக் கைவிட்டார்கள். பணம் புழங்கவில்லை. பணம் புழங்காத ஊரில் பழைய வீட்டை இடித்துவிட்டு மாடி கட்ட யார் வருவார்கள்? கோட்டைக்குப் போகும் ராஜா வீதியின் பழைய வீடுகள் அப்படியே இருப்பதற்கு அந்த வறுமைதான் காரணம் என்பது என் எண்ணம். இதைப் பிள்ளைகளுக்குக் கண்ணால் பார்க்கிற மாதிரி எப்படிக் காட்டுவது? அந்தப் பக்கத்து ஆட்கள் யாராவது சொல்லுங்கள்.

#2 பொறையார்க்காரன்

வணக்கம் சார். நீங்கள் சொல்வது சரி. நான் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவன்.

கைவிடப்பட்ட கதையை வரிசையாகச் சொன்னால் பிள்ளைகளுக்கு எளிதில் பிடிபடும். 1845இல் டென்மார்க் தன் இந்தியக் குடியேற்றங்களை ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றது. தரங்கம்பாடி, வங்காளத்துச் செராம்பூர் எல்லாம் சேர்த்து விலை பன்னிரண்டரை லட்சம் ரூபாய். விற்ற உடனே ஊர் விழுந்துவிடவில்லை, இதைப் பலர் கவனிப்பதில்லை. வெள்ளைக்காரர்கள் தஞ்சாவூர் ஜில்லாவின் தலைமையிடத்தை நாகப்பட்டினத்திலிருந்து இங்கேதான் கொண்டுவந்து வைத்தார்கள். கலெக்டர், கச்சேரி, குமாஸ்தாக்கள், வக்கீல்கள் என்று ஒரு பதினைந்து வருடம் ஊர் கலகலப்பாக இருந்தது. 1860இல் தலைமையிடம் தஞ்சாவூருக்குப் போனது. அடுத்த ஓரிரு வருடத்தில் நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்கு ரயில் ஓட ஆரம்பித்தது. ரயில் இருக்கிற துறைமுகம் பக்கத்திலேயே இருக்கும்போது, ரயில் இல்லாத துறைமுகத்தில் எந்த வியாபாரி சரக்கு இறக்குவான்?

தரங்கம்பாடிக்கு ரயில் வந்தது 1926இல். மாயவரத்திலிருந்து மன்னம்பந்தல், செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையார் வழியாக மீட்டர்கேஜ் பாதை. அதற்குள் கப்பல் வியாபாரம் போய்விட்டிருந்தது. அந்த ரயிலில் காலேஜ் பிள்ளைகளும் மீன்கூடைக்காரப் பெண்களும் போனார்கள். கடைசிப் பெட்டியில் மீன் வாடை மாயவரம் வரை கூடவே வரும். 1986இல் லாபமில்லை என்று நிறுத்திவிட்டார்கள். திரும்ப விடுங்கள் என்று அன்றிலிருந்து எங்கள் பகுதி கேட்டுக்கொண்டே இருக்கிறது. கலெக்டர் ஆபீஸ் போனது, கப்பல் போனது, ரயிலும் போனது. ஊர் அப்படியே நின்றுவிட்டது.

#3 கல்வெட்டுப் பிரியன்

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகளை முதலில் கோட்டைக்குக் கூட்டிப்போக வேண்டாம். மாசிலாமணிநாதர் கோயிலில் ஆரம்பியுங்கள்.

பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்துக் கோயில் அது. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கம். அங்கிருக்கும் கல்வெட்டில் ஊர் சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் வருகிறது. அதாவது, டேனிஷ் கப்பல் இந்தக் கரையைப் பார்ப்பதற்கு 300 வருடத்துக்கு முன்பே பாண்டிய மன்னன் பெயர் தாங்கிய பட்டினம் இது. பிள்ளைகள் எழுதும் அந்த முதல் வரிக்குப் பதில் அந்தக் கல்லிலேயே இருக்கிறது.

கோயில் கடலை ஒட்டி நிற்கிறது. கட்டியபோது இவ்வளவு பக்கத்தில் கட்டியிருக்க மாட்டார்கள். கடல்தான் உள்ளே வந்திருக்கிறது. கோயிலின் முன்பகுதி பல வருடங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாக இடிந்து கடலோடு போனது. அதற்கு அப்புறம்தான் கரையில் பாறாங்கல் கொட்டினார்கள், திருப்பணியும் நடந்தது. டேனிஷ்காரர்கள் ஊரைச் சுற்றி மதில் கட்டியிருந்தார்கள். அதில் கடல் பக்கத்து மதிலும் இன்றைக்கு இல்லை. இந்த ஊரின் சரித்திரத்தில் கடல் தின்ற பக்கங்கள் நிறைய. கோட்டை வாசலில் நின்று கிழக்கே பார்த்து, "இப்போது அலை அடிக்கிற இடத்தில் ஒரு காலத்தில் மனிதர்கள் நடந்தார்கள்" என்று சொல்லுங்கள்.

#4 தென்றல்84

நல்ல இழை. ஒரு கேள்வி. போர்த்துக்கீசியர் நாகப்பட்டினத்தில் இருந்தார்கள், டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் இருந்தார்கள். எங்கோ வடக்கே இருக்கிற டென்மார்க் எதற்காக இந்தச் சின்ன ஊரைத் தேடி வந்தது?

#5 கல்வெட்டுப் பிரியன்

தேடி வந்தது தரங்கம்பாடியை இல்லை தென்றல். அவர்கள் குறி இலங்கைமேல் இருந்தது. கண்டி அரசர் போர்த்துக்கீசியரை விரட்ட உதவி கேட்கிறார் என்று கேள்விப்பட்டு, டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியன் 1618இல் கப்பல்களை அனுப்பினார். தலைமை ஓவ யெட்ட என்ற இருபத்து நான்கு வயது இளைஞர். அவர் போய்ச் சேர்வதற்குள் கண்டி அரசர் போர்த்துக்கீசியரோடு சமாதானமாகிவிட்டார். இலங்கைக் காரியம் கைகூடவில்லை.

முன்னோடியாக வந்த ஒரு கப்பலைப் போர்த்துக்கீசியர் 1619இல் காரைக்கால் அருகே தாக்கி மூழ்கடித்தார்கள். அதன் தலைவர் ரோலண்ட் கிராப்பே பத்துப் பன்னிரண்டு பேரோடு கரையேறித் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரிடம் போய்ச் சேர்ந்தார். நாயக்கருக்கும் போர்த்துக்கீசியரை மட்டும் நம்பி வியாபாரம் செய்வதில் விருப்பமில்லை. கடற்கரையில் இன்னொரு வெள்ளைக்கார வியாபாரி இருந்தால் போட்டி வரும், விலை கூடும், தனக்கும் வரி வரும் என்பது அவர் கணக்கு. 1620 நவம்பர் 19இல் உடன்படிக்கை ஆனது. நாயக்கர் டென்மார்க் அரசருக்கு அனுப்பிய தங்க ஏடு இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது, அவர்கள் இந்த ஊரைப் பிடிக்கவில்லை. வாடகைக்கு எடுத்தார்கள். வருடம் 3,111 ரூபாய் தஞ்சாவூருக்குக் கட்டியாக வேண்டும். நாயக்கர் போய் மராட்டியர் வந்தபிறகும் தஞ்சாவூருக்குக் கட்ட வேண்டியது கட்ட வேண்டியதாகவே இருந்தது. 1699இல் தஞ்சாவூர்ப் படை வந்து ஊரை முற்றுகையிட்டபோது, சென்னையிலிருந்து ஆங்கிலேயர் உதவிக்கு வந்துதான் மீண்டார்கள்.

இன்னொரு சங்கதி. 1639க்கு அப்புறம் சுமார் 30 வருடம் டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பல்கூடக் கிளம்பவில்லை. கோட்டையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகச் செத்துப்போக, கடைசியில் எஸ்கில் ஆண்டர்சன் என்ற சாதாரண ஆள் உள்ளூர்க்காரர்களைச் சம்பளத்துக்கு வைத்து ஊரைக் காப்பாற்றினார். மதில் எழுந்ததும் அந்தக் காலத்தில்தான். அந்த 30 வருடமும் ஊரைத் தாங்கியவர்கள் இந்த மண்ணின் மனிதர்கள். அவர்கள் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை.

#6 ஈயெழுத்து

அச்சுத் தொழில் செய்த குடும்பம் எங்களுடையது. அதனால் எனக்குத் தரங்கம்பாடி என்றால் கோட்டை நினைவுக்கு வராது, எழுத்துதான் வரும்.

முதலில் ஒரு திருத்தம். "இந்தியாவிலேயே முதல் தமிழ் அச்சு தரங்கம்பாடியில்" என்று இணையத்தில் நிறைய எழுதிவைத்திருக்கிறார்கள். அது சரியில்லை. 1578இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் என்ற கிறிஸ்தவ நூல் தமிழ் எழுத்தில் அச்சாகிவிட்டது. தரங்கம்பாடியின் பெருமை வேறு. அங்கேதான் தமிழ் அச்சு விட்டுவிட்டு நடக்கிற காரியமாக இல்லாமல் தொடர்ந்து ஓடுகிற தொழிலானது.

பார்த்தலோமேயு சீகன்பால்கு 1706 ஜூலையில் புளூட்சோவோடு வந்து இறங்கினார். இருவரும் மதம் பரப்ப வந்த ஜெர்மானியப் பாதிரிகள், அனுப்பியது டென்மார்க் அரசர். வரவேற்பு ஒன்றும் பிரமாதமில்லை. கோட்டைத் தளபதியோடு தகராறாகி 1708 கடைசியில் நான்கு மாதம் அதே கோட்டையில் சிறையில் கிடந்தார். தமிழ் படிக்கத் திண்ணைப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதினார். ஓலைச்சுவடிகளை வாங்கியும் ஆள் வைத்து எழுதியும் சேர்த்தார்.

அச்சுப்பொறி லண்டனிலிருந்து வந்தது. வருகிற வழியில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்தார்கள். மீட்டு அனுப்பியபோது, கூட வந்த அச்சுக்காரர் தரங்கம்பாடியைப் பார்க்காமலே வழியில் இறந்துபோனார். தமிழ் எழுத்துகளை ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் வார்த்து அனுப்பினார்கள். அவை ரொம்பப் பெரிசு. அந்த அளவில் அச்சடித்தால் புதிய ஏற்பாட்டுக்குக் கையிலிருந்த காகிதம் போதாது. அப்போது இங்கேயே சின்ன எழுத்து வார்க்கலாம் என்று முடிவு செய்தார்கள். ஈயத்துக்கு எங்கே போவது? லண்டனிலிருந்து பாலாடைக்கட்டி வந்த டப்பாக்களின் ஈய மூடிகளை உருக்கினார்கள்! 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் முழுதாக அச்சாகி வந்தது. ஒரு எழுத்தை வெட்டி, வார்த்து, ராவி, அச்சில் ஏற்றிப் பார்த்து, வளைவு சரியில்லை என்றால் திரும்ப உருக்குவது எவ்வளவு பொறுமையான வேலை என்று அந்தத் தொழில் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். அதைச் செய்த கைகளில் நம்மூர்க் கைகளும் இருந்தன.

காகிதத்துக்கும் ஒரு பட்டறை போட்டுப் பார்த்தார்கள், பொறையாரில்.

#7 பொறையார்க்காரன்

ஆமாம் ஈயெழுத்து அண்ணா. அந்த இடத்தைக் கடுதாசிப்பட்டறை என்றுதான் எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். இப்போது பார்க்க ஒன்றுமில்லை. ஆனாலும் பிள்ளைகளைப் பஸ்ஸை நிறுத்தி ஐந்து நிமிடம் இறக்கிச் சொல்லலாம்.

#8 தாழ்வாரம்

எல்லாரும் சீகன்பால்குவைப் பற்றிப் பேசும்போது விட்டுவிடுகிற இரண்டு விஷயங்களை நான் சொல்கிறேன்.

முதலாவது, புதிய எருசலேம் ஆலயம். 1718இல் கட்டியது, ராஜா வீதியில் இருக்கிறது. அடுத்த வருடம் பிப்ரவரியில் சீகன்பால்கு இறந்து அங்கேயே அடக்கமானார், வயது முப்பத்தாறு. சிலுவை வடிவக் கட்டடம். அழகைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். அதற்குள் சாதிக்கு ஒரு பக்கமாக உட்கார்ந்தார்கள் என்பதைப் பேச மாட்டார்கள். 1733இல் ஆரோன் என்ற தமிழரைப் போதகராக அபிஷேகம் செய்தார்கள். இந்தியாவில் புராட்டஸ்டண்ட் போதகரான முதல் இந்தியர் அவர், வேளாளர். அதே காலத்தில் ராஜநாயக்கன் என்ற உபதேசியார் தஞ்சாவூர்ச் சீமை முழுக்க ஊர் ஊராகப் போய் உழைத்தார். முன்பு தஞ்சாவூர்ப் படையில் சிப்பாயாக இருந்தவர். பறையர் என்பதால் மற்றவர்கள் ஏற்க மாட்டார்கள் என்று அவருக்குப் போதகர் பட்டம் கொடுக்கவேயில்லை. பிள்ளைகளுக்கு ஆரோன் பெயரைச் சொல்லும்போது ராஜநாயக்கன் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள் ஆசிரியரே. ஒன்றைச் சொல்லி மற்றதை விட்டால் பாதிதான் சொன்னதாகும்.

இரண்டாவது, கடிதங்கள். 1712இலிருந்து 1714 வரை சீகன்பால்குவும் அவரோடு வேலை செய்த கிரண்ட்லர் பாதிரியும் தமிழர்களிடம் கேள்விகள் அனுப்பிப் பதில் எழுதச் சொன்னார்கள். அப்படி வந்த 99 கடிதங்களை ஜெர்மன் மொழியில் பெயர்த்து ஹாலேயில் அச்சிட்டார்கள். 300 வருடத்துக்கு முன்பு நம் ஆட்கள் என்ன நினைத்தார்கள் என்பது அவற்றில் தெரிகிறது. கிறிஸ்தவர்களை ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டால், மாட்டை அறுத்துத் தின்கிறார்கள், குடிக்கிறார்கள், சுத்தமாக இருப்பதில்லை என்று பட்டென்று பதில். வெள்ளைக்காரன் நம்மை ஆராய்ந்தான் என்று படிக்கிறோமே, அதே நேரத்தில் நம்மவர்களும் அவர்களை உற்றுப் பார்த்து எடைபோட்டிருக்கிறார்கள்.

அடிமை வியாபாரமும் நடந்தது. 17ஆம் நூற்றாண்டில் பஞ்ச காலத்தில் இந்தக் கரையிலிருந்து மனிதர்களைக் கப்பலில் ஏற்றிக் கிழக்கே விற்றதில் டேனிஷ்காரர்களுக்கும் பங்கு உண்டு. "சமாதானமாக வியாபாரம் செய்தவர்கள்" என்று அவர்களைச் சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

#9 சுற்றுலா சுந்தரம்

அருமையான தகவல்கள். உலகத்திலேயே ஓசோன் அதிகமாக உள்ள கடற்கரை தரங்கம்பாடி என்று படித்தேன். அதனால் அங்கே மூச்சு இழுத்தாலே நோய் போகுமாம். அதையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாமே?

#10 ஈயெழுத்து

தயவுசெய்து சொல்ல வேண்டாம். நாம் மூச்சு விடுகிற உயரத்தில் ஓசோன் என்பது மாசு. நுரையீரலுக்குக் கெடுதல். ஓசோன் நல்லது செய்வது பூமிக்கு மேலே பல கிலோமீட்டர் உயரத்தில். தரங்கம்பாடியில் காற்று நன்றாக இருக்கிறது என்றால் கடற்காற்று தடையில்லாமல் வருகிறது, பெரிய தொழிற்சாலை கிடையாது, அதனால்தான்.

#11 வடக்குக் குப்பம்

நான் தரங்கம்பாடி மீனவக் குடும்பத்துப் பெண். இவ்வளவு நேரம் படித்தேன். கோட்டை, கோயில், சர்ச் எல்லாம் வந்துவிட்டது. எங்களை முதல் பதிவில் ஒரு வார்த்தையில் தொட்டீர்கள், அப்புறம் யாரும் திரும்பவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஊருக்கு வருகிறவர்கள் வாசல் வழியாக நுழைகிறார்கள். 1792இல் கட்டிய வாசல், டேனிஷ் ராஜாவின் முத்திரை இருக்கும். நேரே ராஜா வீதி, கடைசியில் கோட்டை, கடல். அங்கே நின்று வலையையும் படகையும் போட்டோ எடுத்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். படகு யாருடையது, அவர்கள் எங்கே குடியிருக்கிறார்கள் என்று கேட்பவர் குறைவு.

2004 டிசம்பர் 26இல் என்ன நடந்தது என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள். எங்கள் ஊரும் அப்போது நாகை மாவட்டம்தான், மயிலாடுதுறை மாவட்டமானது 2020இல். எங்கள் தெருவில் இழவு விழாத வீடு கிடையாது. அதற்குமேல் அதைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

அப்புறம் வந்த மாற்றத்தைச் சொல்கிறேன். கடலோரத்திலிருந்து எங்களை உள்ளே தள்ளி வீடு கட்டிக் கொடுத்தார்கள். தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு இங்கே கட்டிய வீடுகளில், எங்களிடம் கேட்டுக் கேட்டுக் கட்டினார்கள் என்று பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். வீடு கெட்டி. ஆனால் கடல் கண்ணில் படாது. முன்பெல்லாம் அப்பா விடியற்காலையில் வாசலில் நின்றே காற்று வாடையா கொண்டலா, தண்ணீர் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்த்துவிட்டு வலை எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வார். இப்போது அதற்கே வண்டி எடுத்துக்கொண்டு கரைக்குப் போக வேண்டும். அம்மா கருவாடு காயப்போட்டது வாசல் மணலில். காலனியில் அதற்கு இடமில்லை.

கட்டுமரம் போய் ஃபைபர் படகும் விசைப்படகும் வந்துவிட்டன. புதிதாக மீன்பிடித் துறைமுகமும் வந்திருக்கிறது. ஏலம் அங்கேதான். வருடத்தில் ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை தடைக்காலம், அந்த 61 நாள் விசைப்படகு போகாது, ஃபைபர் மட்டும் கரையோரம் போகும். சுருக்குமடி வேண்டாம் என்று நின்ற ஊர் எங்களுடையது. அந்த வலை குஞ்சு மீனையும் விடாமல் வளைத்துவிடும், நாளைக்கு எங்கள் பிள்ளைகளுக்கு ஒன்றும் மிஞ்சாது. அதற்காகப் பக்கத்து ஊர்க்காரர்களோடு, அவர்களிலும் எங்கள் சொந்தக்காரர்கள் உண்டு, மனஸ்தாபம்கூட வந்தது. எங்கள் பட்டினவர் (மீனவர்) சமூகத்து ஊர்ப் பஞ்சாயத்து உட்கார்ந்து ஒரு முடிவு எடுத்தால் ஒருவரும் கடலுக்குப் போகாத நாள்கள் உண்டு. இந்தப் பஞ்சாயத்துக்கு எத்தனை வயது என்று யாருக்கும் தெரியாது. கோட்டையைவிடப் பெரிசு என்று எங்கள் தாத்தா சொல்வார்.

#12 மணல்மேட்டு ஆசிரியர்

நன்றி தங்கச்சி. பிள்ளைகளை உங்கள் கரைக்கு அழைத்து வந்தால் ஏலத்தைப் பார்க்க விடுவார்களா? வேலைக்கு இடைஞ்சலாக இருக்குமா?

#13 வடகடல்

நான் யாழ்ப்பாணத்தவன், டென்மார்க்கிலே இருக்கிறன். இங்கே எங்கட ஆட்கள் ஆயிரக்கணக்கில் இருக்கினம், 1980களில் அகதியாக வந்தவர்கள். இங்கத்தைய சனத்துக்கு இந்தியாவில் தங்களுக்கு ஒரு ஊர் இருந்தது என்று கன பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் அதைப் பற்றி ஒரு பாசத்தோடுதான் கதைப்பினம், அழகான வெள்ளைக் கோட்டை, பனைமரம், கடல் என்று. தாழ்வாரம் சொன்ன அடிமை வியாபாரம் அந்தக் கதையில் பெரும்பாலும் வாறதில்லை.

கல்வெட்டுப் பிரியன் அண்ணை சொன்ன தங்க ஏடு இங்கேதான் இருக்குது. இன்னொன்று, 1788இலிருந்து ஆளுநராக இருந்த பீட்டர் ஆங்கர் நோர்வேக்காரர். தரங்கம்பாடியையும் சுற்று வட்டாரக் கோயில்களையும் அவர் வரைந்த ஓவியங்கள் ஒஸ்லோவில் இருக்குது. அந்தக் காலத்து ஊரைப் பார்க்க வேணும் என்றால் அவற்றைத்தான் பார்க்க வேணும். பிள்ளைகளுக்கு அவற்றின் படங்களை அச்சடித்துக் கையில் கொடுத்து, அதே இடத்தில் நிற்க வைத்து, எது மாறியிருக்குது என்று கேளுங்கோ மாஸ்டர்.

நிக்கோபார்க் கதையும் உங்கட ஊரோடு ஒட்டினதுதான். 1756இல் தரங்கம்பாடியிலிருந்து போய்த்தான் டேனிஷ்காரர் அந்தத் தீவுகளுக்கு உரிமை கொண்டாடினவை. போனவர்கள் காய்ச்சலில் செத்துச் செத்துக் கடைசியில் கைவிட்டிட்டு, 1868இல் அந்த உரிமையையும் பிரிட்டிஷ்காரருக்கு வித்தவை.

#14 கல்வெட்டுப் பிரியன்

வடகடல் ஆங்கர் காலத்தைச் சொன்னதால் இதைச் சேர்க்கிறேன். ராஜா வீதியின் பெரிய வீடுகளும் அந்த 1792 வாசலும் ஒரு குறிப்பிட்ட பணத்தில் வந்தவை. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஓயாமல் சண்டை. டென்மார்க் எந்தப் பக்கமும் சேரவில்லை. டேனிஷ் கொடி போட்ட கப்பலை யாரும் பிடிக்க முடியாது. அதனால் ஆங்கிலக் கம்பெனி உத்தியோகஸ்தர்களே தாங்கள் சுருட்டிய பணத்தை டேனிஷ் கப்பலில் சரக்காக ஊருக்கு அனுப்பினார்கள். தரங்கம்பாடி அந்த முப்பது வருடத்தில்தான் கொழித்தது. டென்மார்க்கும் போரில் இழுபட்டதும் ஆங்கிலேயர் 1808இல் ஊரைப் பிடித்து 1815 வரை வைத்திருந்தார்கள். திரும்பக் கொடுத்தபோது வியாபாரம் செத்துவிட்டிருந்தது. அடுத்த முப்பது வருடம் அதை வைத்துக்கொள்ளவும் முடியாமல் விடவும் முடியாமல் இழுத்து, 1845இல் விற்றார்கள்.

#15 பொறையார்க்காரன்

கடந்த இருபது இருபத்தைந்து வருடத்தில் நடந்த புதுப்பிப்பு வேலையைப் பற்றியும் பேச வேண்டும். டென்மார்க் தேசிய அருங்காட்சியகம், அங்குள்ள தரங்கம்பாடி சங்கம், இங்கே இன்டாக் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பு, மாநில அரசு எல்லாரும் சேர்ந்து கோட்டை, ஆளுநர் மாளிகை, தட்டார் தெருவின் சில வீடுகள் என்று சரிசெய்தார்கள். நல்ல வேலை, சுண்ணாம்பும் செங்கல்லும் பழைய முறையில் வைத்துச் செய்தார்கள், உள்ளூர்க் கொத்தனார்கள் அந்த வேலையைத் திரும்பக் கற்றுக்கொண்டார்கள்.

ஆனால் பணமும் கவனமும் பெரும்பாலும் மதிலுக்குள்ளேயே சுற்றுகிறது. பழைய பள்ளிவாசல், மரக்காயர் வீடுகள், குப்பத்துத் தெருக்கள் ஆகியவற்றின் கதை எந்தப் பலகையிலும் எழுதப்படவில்லை. தங்கும் விடுதிகளில் ஒரு ராத்திரிக்குக் கேட்கிற பணம் எங்கள் பையன்களின் மாதச் சம்பளத்தில் பாதி. படித்த பையன்கள் சென்னைக்கோ வளைகுடாவுக்கோ போய்விடுகிறார்கள். பாரம்பரிய ஊர் என்று பெயர் வாங்கி என்ன, அந்தப் பெயரால் ஊர்க்காரனுக்கு ஒரு வேளைச் சோறு வர வேண்டாமா?

#16 தாழ்வாரம்

பொறையார்க்காரரே, உடன்படுகிறேன், ஒன்றைத் தவிர. புதுப்பிக்காமல் விட்டிருந்தால் அந்தத் தெரு வீடுகள் இன்னும் பத்து மழைக்காலம் தாங்கியிருக்காது. ஆசிரியர் சொன்ன வறுமை அந்த வீடுகளை இடிக்காமல் வைத்திருந்தது உண்மை, அதே வறுமை ஒழுகவும் விட்டது. என் குறை பலகைகளில்தான். ஆளுநர்களின் பெயர் இருக்கிற இடத்தில் கொத்தனாரின் பெயர், மொழிபெயர்த்துச் சொன்ன துபாஷியின் பெயர், சீகன்பால்குவுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த எல்லப்பரின் பெயர் ஏன் இருக்கக் கூடாது?

#17 மணல்மேட்டு ஆசிரியர்

இந்தத் தடவை இப்படிப் போகலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். பொறையாரில் கடுதாசிப்பட்டறைப் பக்கம் ஐந்து நிமிடம். பிறகு நேரே மீன் ஏலம். அடுத்து மாசிலாமணிநாதர் கோயில், கல்வெட்டு, கடல் அரிப்பு. வெயில் ஏறுவதற்குள் எருசலேம் ஆலயம், அங்கே ஆரோன், ராஜநாயக்கன் இருவர் கதையும். கோட்டை கடைசியில்தான். கோட்டைக்குள் நாயக்கரின் ஒப்பந்தத்தையும் 3,111 ரூபாய் வாடகையையும் சொல்வேன். ஆங்கரின் ஓவியப் பிரதிகளைக் கையில் கொடுப்பேன். கட்டுரைக்குத் தலைப்பு: "இந்த ஊரில் 1700இல் நீ பிறந்திருந்தால் என்ன வேலை செய்திருப்பாய்?" விடுபட்டது இருந்தால் சொல்லுங்கள்.

#18 வடக்குக் குப்பம்

அண்ணா, ஏலம் பார்க்க விடுவார்கள். காலை ஏழு மணிக்குள் வந்துவிடுங்கள், அதற்கு மேல் வந்தால் காலிக் கூடைதான் இருக்கும். தடைக்காலத்தில் வராதீர்கள், வடகிழக்குப் பருவமழை நேரத்திலும் வேண்டாம். ஜனவரி பிப்ரவரி நல்லது. பிள்ளைகளை வலைமேல் மிதிக்காமல் நடக்கச் சொல்லுங்கள், செருப்பில் கண்ணி மாட்டினால் அறுந்துவிடும், அதைக் கட்ட ஒரு நாள் போகும். இன்னொன்று, சேற்று நண்டு வந்திருந்தால் காட்டுகிறேன். அதன் அறிவியல் பெயரிலேயே எங்கள் ஊர் இருக்கிறது, 1798இல் ஃபப்ரீசியஸ் என்ற டேனிஷ் பூச்சியியல் அறிஞர் வைத்தது, ஸில்லா ட்ராங்குபாரிகா (வெள்ளைக்காரர்கள் எங்கள் ஊரை ட்ராங்குபார் என்பார்கள்). கொடுக்கைக் கட்டித்தான் கையில் கொடுப்பேன், பயப்பட வேண்டாம். கிளம்புவதற்கு முதல் நாள் இங்கேயே ஒரு வரி போட்டுவிடுங்கள், பஞ்சாயத்தாரிடம் நான் சொல்லி வைக்கிறேன்.